கல்லறையிலும் ஒரு நடுச்சுவரா?

பைபிளைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களுக்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டதா? நோவாவின் பேழையில் அத்தனை மிருகங்களும் எப்படி அடங்கின? உலகத்தின் முடிவு எப்போது? இத்தகைய கேள்விகளைக் கிறிஸ்தவர்களும் கேட்கிறார்கள், மற்றவர்களும் கேட்கிறார்கள். எங்கேனும் யுத்தம் மூண்டாலும், பூமி அதிர்ந்தாலும், கொள்ளைநோய் பரவினாலும், "இதைப் பற்றி பைபிள் என்ன சொல்லுகிறது?" என்று உடனே பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, நாளைக் காலையில் நம்முடைய தெருவில் எதுவும் மாறிவிடப் போவதில்லை. விடை தெரிந்தால் தெருவே மாறியாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது திருச்சிராப்பள்ளிக்கு மிகவும் பழக்கமான கேள்வி. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்த ஊர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே அப்பத்தைப் பங்கிட்டு உண்பவர்களுக்கு இடையே சாதி இருக்கலாமா என்பதே அக்கேள்வி.

இறந்தவர்களுக்கு நடுவே

2010-ம் ஆண்டில் திருச்சி நகரிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்று வெளிநாட்டுச் செய்திகளில்கூட இடம் பெற்றது. மகான் ஒருவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதால் வந்த புகழ் அன்று அது. தோட்டத்தின் குறுக்கே ஒரு சுவர் நின்றது. சுவருக்கு ஒருபுறம் மேல்சாதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகள். மறுபுறம் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகள். பல பத்தாண்டுகளாக அப்படியே இருந்து வந்த சுவர் அது. அதை அகற்ற வேண்டும் என்று அப்போது கிளர்ச்சி நடந்தது.

உயிரோடு இருக்கும்போது மனிதன் போட்டுக்கொள்ளும் வேலிகளுக்கு ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லலாம். பெண் கொடுக்க வேண்டும், பெண் எடுக்க வேண்டும், சொத்துக் கைமாறக் கூடாது, சொந்தக்காரர்கள் ஏசுவார்கள் என்று ஆயிரம் காரணம் காட்டலாம். மண்ணுக்குள் போனவருக்கு என்ன சாக்கு? அவர் இனிமேல் சம்பந்தம் பேசப் போகிறாரா, பந்தியில் உட்காரப் போகிறாரா? இறந்தவர்கள் ஒருநாள் உயிர்த்தெழுவார்கள் என்பது கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நாடியான நம்பிக்கை. அன்று எல்லாரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவர்கள், அதுவரையில் தனித்தனியே படுத்திருக்க ஏற்பாடு செய்துகொள்வது விசித்திரம் அல்லவா?

இது திருச்சிக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடக் கூடாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதை ஒட்டி 2008-ம் ஆண்டு மார்ச் மாதம் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். சுட்டவர்கள் போலீசார், ஆனால் துப்பாக்கி வரைக்கும் காரியத்தைக் கொண்டுபோனது, ஒரே மாதா கோவிலுக்குள் இரு சாராரும் சமமாக நிற்க முடியவில்லை என்ற பழைய வினை.

வேதம் சொல்வது என்ன?

இவ்வளவுக்கும் பைபிளில் இக்கேள்விக்கு விடை இல்லாமல் இல்லை. உலக முடிவைப் பற்றிய வசனங்களுக்குப் பண்டிதர்கள் பத்து விதமாகப் பொருள் சொல்லக்கூடும். இந்தக் கேள்விக்கோ விடை பட்டவர்த்தனமாக இருக்கிறது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில், இயேசுநாதர் ஒரு கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் சமாரியர் கைப்பட்ட பாத்திரத்தில் நீர் அருந்தாத காலம் அது. அந்தப் பெண்ணே திகைத்துப் போகிறாள். தனிக் கிணறும் தனிக் குவளையும் கண்ட தமிழ்நாட்டு மக்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேறு எந்த நாட்டு வாசகரையும்விட நாம் அதை நன்றாக அறிவோம்.

யாக்கோபின் நிருபத்தில் இரண்டாம் அதிகாரம் இன்னும் நேரடியானது. தொழுகைக் கூடத்துக்குள் இரண்டு பேர் நுழைகிறார்கள். ஒருவர் தங்க மோதிரமும் பகட்டான உடையும் அணிந்தவர். மற்றவர் அழுக்குத் துணி உடுத்த ஏழை. முன்னவருக்கு நல்ல ஆசனம். பின்னவருக்கு ஓரமாக நிற்க இடம். இப்படி ஆள் பார்த்து இடம் கொடுப்பது பாவம் என்று யாக்கோபு சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறார்.

பந்தியைப் பற்றியும் ஒரு வழக்கு பைபிளுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அந்தியோகியா நகரில் பேதுரு யூதர் அல்லாதவர்களோடு கலந்து உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில ஆசாரக்காரர்கள் வந்து சேர்ந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். பவுல் விடவில்லை. இயேசுவின் முதன்மைச் சீடர் ஆயிற்றே என்று பாராமல், எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். திருச்சபையின் முதல் பெரிய சண்டைகளுள் ஒன்று, யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது!

சுவரைப் பற்றியும் பைபிள் பேசுகிறது. எருசலேம் தேவாலயத்தில் வேற்று இனத்தார் உள்ளே வரக்கூடாது என்று ஒரு தடுப்பு இருந்தது. மீறி வருபவனுக்குச் சாவுதான் கதி என்று கிரேக்க மொழியில் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். அந்த எச்சரிக்கைக் கல் ஒன்றை 1871-ம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் கிளர்மோன் கன்னோ கண்டெடுத்தார். இன்று அது இஸ்தான்புல் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. கிரேக்கன் ஒருவனை ஆலயத்துக்குள் அழைத்துச் சென்றுவிட்டார் என்ற பழி சுமத்தித்தான் பவுலைக் கூட்டம் பிடித்து அடித்தது. அந்தப் பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபம், இரு சாராரையும் பிரித்து நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து இடித்துத் தள்ளிவிட்டார் என்று கூறுகிறது. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எழுப்பியவர்களும் இந்த நிருபத்தைக் கோவிலில் வாசிக்கக் கேட்டவர்கள்தாம்.

சுவர் வந்த வழி

வேதம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சுவர் எப்படி வந்தது? அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பழைய சரித்திரம் புரட்ட வேண்டும்.

1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பாதிரியார், காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் குல அடையாளங்களே அன்றி மத அடையாளங்கள் அல்ல என்பது அவர் வாதம். 1623-ம் ஆண்டு போப்பாண்டவரும் அதற்கு இடம் கொடுத்தார். தமிழை ஆழ்ந்து கற்று, தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்த பெரியவர் நொபிலி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சாதியைச் சமூக வழக்கம் என்று உள்ளே விட்டதும், அது ஒரு மூலையில் அடங்கி உட்காரவில்லை. மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருமார், தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறு வகைக் குருமார் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

புராட்டஸ்டண்டு சபைகளின் கதையும் வேறு மாதிரி இல்லை. 1762-ம் ஆண்டு திருச்சிக்கு வந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார், கோட்டைப் பகுதியில் 1766-ம் ஆண்டு கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கட்டி முடித்தார். ஹைதர் அலியும் தஞ்சை மன்னரும் நம்பி மதித்த உத்தமர் அவர். ஆயினும் அவர் காலத்துத் தமிழ்ச் சபைகளில், ஒரே கூரையின் கீழ் இரு சாராரும் இரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் சாதி கரைந்துவிடும் என்று எண்ணிப் பொறுத்திருந்தார்கள். கரையவில்லை.

1826-ம் ஆண்டில் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் வந்தார். வழி நெடுக இந்தச் சாதி வழக்கு அவரைத் துரத்திக்கொண்டே வந்தது. கிறிஸ்தவர்கள் சாதியைச் சமய நம்பிக்கையாக எண்ணுகிறார்களா, அல்லது சமூக அந்தஸ்தாக எண்ணுகிறார்களா, கோவிலில் தனி இடம் கேட்பது எதனால் என்று, திருச்சியில் ஊழியம் செய்துவந்த ஷ்ரைவோகல் பாதிரியாருக்கு அவர் கேள்விகள் எழுதி அனுப்பினார். இங்கிலாந்திலும் கனவான்களுக்குக் கோவிலில் தனி ஆசனம் உண்டே, இதுவும் அதுபோன்றதுதானோ என்பது அவர் மனத்தில் இருந்த எண்ணம். முடிவு சொல்ல அவருக்கு ஆயுள் இல்லை. ஏப்ரல் 3-ந் தேதி காலை, ஸ்வார்ட்ஸ் கட்டிய ஆலயத்துக்குச் சென்று தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் செய்துவிட்டுத் திரும்பியவர், குளிக்க இறங்கிய இடத்தில் தண்ணீரிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரால் கல்லூரியும் பள்ளியும் இன்று இவ்வூரில் புகழோடு விளங்குகின்றன. அவர் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவருக்குப் பின் வந்த டேனியல் வில்சன் வேறு தினுசான மனிதர். சபைக்குள் சாதிக்கு இனி இடமே கிடையாது என்று 1833-ம் ஆண்டு கண்டிப்பான சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சைச் சபையிலிருந்து ஏராளமானவர்கள் விலகினார்கள். சாதி விஷயத்தில் தாட்சணியம் காட்டிய வேறு சபைக்குப் பின்னர் பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

விலகியவர்கள் எல்லாரையும் வெறும் சாதி வெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவதும் நியாயம் ஆகாது. ஸ்வார்ட்ஸின் மாணவரும் பெரும் புலவருமான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அக்காலத்துப் புதிய பாதிரிமார்களின் மீது நான்கு குறைகள் சொன்னார். பழகிய தமிழ் பைபிளை மாற்றினார்கள். எல்லாச் சாதியாரையும் ஒன்றாக இருக்கச் சொன்னார்கள். பண்டிகைக்குப் பூ வைப்பதைத் தடுத்தார்கள். தமிழ்க் கீர்த்தனை பாடுவதைத் தடுத்தார்கள். இவற்றில் மூன்று குறைகள் முற்றிலும் நியாயமானவை. பூவும் பாட்டும் தமிழும் எவரையும் கீழே தள்ளுவதில்லை. நம் பண்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல ஆசையோடு சேர்ந்து, நான்காவது சரக்கும் அதே மூட்டைக்குள் புகுந்துகொண்டது. இன்றுவரை சாதி நம்மிடையே இப்படித்தான் நடமாடுகிறது. தனியாக வந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று, பண்பாடு என்ற பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறது.

இடித்துக் காட்டியவர்களும் உண்டு

சுவரை இடித்த சரித்திரமும் நமக்கு இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோவிலைச் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்தே கட்டியிருந்தார்கள். கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு பகுதிகள், நடுவே சுவர். அப்போது அந்த ஊர் திருச்சி மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது. 1910-ம் ஆண்டு அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. எங்கள் உரிமை போயிற்று என்று மேல்சாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஹைகோர்ட்டு வரை வழக்கு நடந்தது. சுவர் திரும்பி வரவில்லை.

அப்படியானால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோவிலுக்குள் செய்ய முடிந்த காரியத்தை, நூறு ஆண்டு கழித்துக் கல்லறையில் செய்யத் தயங்குவானேன்?

சொல்லப்படும் சமாதானங்கள்

தயங்குகிறவர்கள் சில சமாதானங்கள் சொல்கிறார்கள். அவற்றையும் கேட்டுவிடுவோம்.

"பைபிளே அடிமைகள் இருந்த காலத்தை ஒப்புக்கொள்கிறதே, எல்லாரும் சமம் என்பது ஆன்மாவைப் பற்றியது, உடலைப் பற்றியது அல்ல" என்பது ஒன்று. உண்மைதான், அடிமை முறையை ஒரே நாளில் ஒழிக்கும்படி பவுல் எழுதவில்லை. ஆனால் ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, இனி இவனை அடிமையாகப் பாராமல் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமான் பிலேமோனுக்கு எழுதினார். ஆன்மாவை மட்டும் ஏற்றுக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்து என்று எழுதவில்லை.

"வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவரலாமா? கிறிஸ்தவர்களைக் குறை சொல்லக் காத்திருப்பவர்களுக்கு இது வாய்க்கு அவல் ஆகாதா?" என்பது இன்னொன்று. இந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் பேதுருவைப் பவுல் தனி அறைக்குள் அழைத்துப் போய்க் கண்டிக்கவில்லை. ஊரறிய நடந்த தவற்றை ஊரறியவே திருத்தினார். மூடி வைக்கிற புண் ஆறுவதில்லை.

"கட்டாயப்படுத்தினால் ஜனங்கள் விலகிப் போய்விடுவார்களே" என்பது மூன்றாவது. வில்சன் காலத்தில் விலகினார்கள் என்பதை மேலே சொன்னோம். விலகுவோம் என்று மிரட்டுகிறவர்களுக்காக இவ்வளவு கவலைப்படுகிறோம். எதுவும் சொல்லாமல், ஓரத்து இடமும் ஓரத்துக் கல்லறையும் போதும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருப்பவர்களைப் பற்றி யார் கவலைப்படுவது? மிரட்டத் தெரியாதவன் விசுவாசம் மட்டும் மட்டமா?

திருச்சபைத் தலைவர்கள் வாய் திறக்காமல் இல்லை. 2003-ம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு பிஷப்புகள் ரோமாபுரி சென்றிருந்தபோது, சாதி வேற்றுமை திருச்சபையின் பணிக்கே பெருந்தடை என்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் எடுத்துச் சொன்னார். 2016-ம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க பிஷப்புகள் மாநாடு, தலித் மக்களின் முன்னேற்றத்துக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கண்டித்தது. 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் ஆர்ச் பிஷப் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். மேலே இருந்து வார்த்தை வந்துவிட்டது. பங்குக்கு வந்து சேருவதற்குள் அது இளைத்துப் போகிறது.

டில்லியில் ஒரு வழக்கு

இந்த விஷயம் ஜெபத்தோடும் பிரசங்கத்தோடும் முடிகிற ஒன்றல்ல. படிப்பிலும் வேலையிலும் அது கை வைக்கிறது.

1950-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி பிறப்பிக்கப்பட்ட ஜனாதிபதி உத்தரவின்படி, இந்து சமயத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே ஆதிதிராவிடர் பட்டியலில் இடம் பெற முடியும் என்று ஆயிற்று. 1956-ம் ஆண்டு சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1990-ம் ஆண்டு பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். ஆதிதிராவிடர் பட்டியலில் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ம் ஆண்டு அரசாங்கத்திடம் அளித்த அறிக்கையில் சிபாரிசு செய்தது. அதே கேள்வியை மீண்டும் ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-ம் ஆண்டு ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையும் இதை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

1985-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் சென்னைச் செருப்புத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பை இங்கே நினைவுகூர வேண்டும். மதம் மாறிய பிறகும் அதே சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடருகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லி, சுப்ரீம் கோர்ட்டு அவர் கோரிக்கையை ஏற்கவில்லை.

இதில் உள்ள சங்கடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். "எங்கள் மதத்தில் சாதியே கிடையாது" என்று மேடையில் பெருமையாகச் சொல்லுகிறவர், அதே மூச்சில், தலித் கிறிஸ்தவர் சலுகை கேட்பதற்கு இருக்கும் ஆதாரத்தையும் அழித்துவிடுகிறார். உள்ளே ஓரத்து இடமும் கிடைக்கிறது. வெளியே சலுகையும் கிடைப்பதில்லை. இரண்டு பக்கமும் இடிபடுகிறவன் மத்தளம் போல ஆகிவிடுகிறான். டில்லியிடம் நியாயம் கேட்கும் சபை, முதலில் தன் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி உண்மை பேச வேண்டும். சுவரை இடித்துவிட்டால் சலுகை கேட்க முடியாதே என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சுவர் இடிந்த மறுநாளே, தலைமுறை தலைமுறையாகப் பறிபோன படிப்பும் நிலமும் திரும்பி வந்துவிடாது. உதவி அப்போதும் தேவைப்படும்.

காவிரியின் அக்கரை

இதைப் படிக்கும் மற்ற சமயத்து வாசகர்கள், "பார்த்தாயா, அங்கேயும் இப்படித்தான்!" என்று மகிழ்ந்து பத்திரிகையை மடித்து வைத்துவிடக் கூடாது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே என்ன கதை?

உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், தம் குலத்தின் காரணமாகக் காவிரியின் தென்கரையிலேயே நின்று அரங்கனைப் பாடினார். திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், வழி விடவில்லை என்று கல்லால் எறிந்தார். ஆழ்வாரின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அன்று இரவு அரங்கனே முனிவரின் கனவில் தோன்றி, அவரைத் தோளில் சுமந்து வா என்று கட்டளையிட்டார். எறிந்தவர் சுமந்தார், ஆழ்வார் முனிவாகனர் ஆனார். ராமானுஜரும், காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பும்போது, உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றிக்கொண்டு வருவார் என்று குருபரம்பரை கூறுகிறது.

எவ்வளவு அருமையான கதைகள்! நூற்றாண்டுக் கணக்கில் இவற்றைச் சொல்லிச் சொல்லி உருகினோம். ஆனால் தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் காலடி வைக்க, 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத அய்யர் அவர்களை அழைத்துக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. ராஜதானி முழுவதும் கோவில்களைத் திறந்துவிட 1947-ம் ஆண்டு சட்டம் போட வேண்டியிருந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? புத்தகத்தில் விடை இருப்பதால் மட்டும் ஊர் திருந்திவிடுவதில்லை என்பதைக் காவிரியின் இரு கரைகளும் சேர்ந்தே நிரூபித்திருக்கின்றன.

செய்யக்கூடிய காரியங்கள்

பெரிய மாநாடும் தீர்மானமும் இல்லாமலே ஒவ்வொரு பங்கும் நாளைக்கே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, கல்லறை. யார் முதலில் இறந்தாரோ அவருக்கு முதல் குழி, அடுத்து இறந்தவருக்கு அடுத்த குழி என்று வரிசை வைத்துவிட்டால் போதும். சாவு சாதி பார்த்து வருவதில்லையாதலால், வரிசையும் தானாகவே கலந்துவிடும்.

இரண்டாவது, திருவிழா. தேர் எந்தத் தெரு வழியே போகிறது, வரி யாரிடம் வாங்கப்படுகிறது, தேர் வடத்தை யார் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு பங்கின் விசுவாசம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். சேரித் தெருவுக்குப் போகாத தேர், கிராமத்தையே சுற்றி வந்தாலும் முழுச் சுற்றுச் சுற்றியதாகாது.

மூன்றாவது, கல்யாணம். இதுதான் கடினமானது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரன் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். ஆர். சி., சி. எஸ். ஐ. என்று சபையின் பெயர் போட்டு, அதை அடுத்துச் சாதிப் பெயரும் போட்டிருக்கும். யாரையும் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துவைக்க முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் சாதி விட்டுச் சாதி மணக்கத் துணிந்த பிள்ளைகள் வந்து நிற்கும்போது, அவர்கள் பக்கம் பாதிரியார் நிற்கிறாரா, பெற்றோர் பக்கம் நின்று காலம் கடத்துகிறாரா என்பதைச் சபையார் கவனிக்கலாம்.

நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள். அன்று திருச்சியிலும் தமிழ்நாடெங்கிலும் கிறிஸ்தவர்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளைக் கழுவி, பூமாலை சார்த்தி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தங்கள் தாத்தா பாட்டிக்கு ஏற்றிய பின், தோட்டத்தின் மறுகோடிக்கும் நடந்து போய், பெயர் தெரியாத ஒரு கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரட்டும். பிள்ளைகளையும் கையோடு அழைத்துப் போகட்டும். "அவர்கள் நமக்கு என்ன உறவு?" என்று பிள்ளை கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று பெற்றோர் அங்கேயே நின்று யோசிக்கட்டும்.

பிஷப் ஹீபர் 1826-ம் ஆண்டு திருச்சிக்கு எழுதி அனுப்பிய கேள்விக்கு, பைபிள் தன் பதிலைச் சொல்லி வெகு காலம் ஆயிற்று. ஊர்தான் இன்னும் சொல்லவில்லை.